படுக்கையறைச் சுவரில் மோரும் யானையும்

சம்பளம் வாங்கிக்கொண்டு குறை சொல்கிறவள் நான். ஒரகடத்தில் கார் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கிற கம்பெனி ஒன்றில், அடித்து வருகிற பம்பரின் நிறம் சரியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது என் வேலை. காரின் உடம்பு ஓரிடத்தில் தயாராகும், பம்பர் எங்களிடம் தயாராகும். இரண்டும் சேர்ந்த பிறகு ஒரே நிறமாகத் தெரிய வேண்டும். அதற்கென்று கொடுத்திருக்கும் மாதிரித் தகட்டைப் பம்பருக்குப் பக்கத்தில் வைத்து, வெள்ளை விளக்கில் ஒரு தடவை, மஞ்சள் விளக்கில் ஒரு தடவை, நேராக ஒரு தடவை, சாய்த்து ஒரு தடவை பார்ப்பேன். ஒத்துப்போனால் பச்சை ஸ்டிக்கர். இல்லாவிட்டால் சிவப்பு. ஒன்பது வருடமாக இதே வேலை. நிறத்தை எண்ணாகச் சொல்லும் மெஷின் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். மெஷின் ஒன்று சொல்லி நான் வேறு சொன்னால், சூப்பர்வைசர் என் முகத்தைத்தான் பார்ப்பார். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

அப்படிப்பட்டவள் வீட்டுச் சுவருக்கு இரண்டு நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தெரியாமல் ஒரு வாரம் திண்டாடினேன் என்றால் கம்பெனியில் சிரிப்பார்கள். அதனால் அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் வீடு சேரப்பணஞ்சேரியில், மெயின் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே. ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை. போன ஐப்பசி மழையில் அறையின் சுவர் ஊறிப் பொரிந்துபோனது. சுரண்டி எடுத்துப் பூசி, பட்டி பார்த்து, பொங்கலுக்குள் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று முடிவு செய்தோம். சாதாரணமாக இருந்தால் பழைய வெள்ளையையே அடித்திருப்போம். ஆனால் அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்தார்.

அவர் அலுமினியத்தை உருக்கி அச்சில் வார்க்கிற கம்பெனியில் இருக்கிறார். எப்போதும் நைட் ஷிஃப்ட்தான். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவராகக் கேட்டு வாங்கியது. நான் காலை ஏழே முக்காலுக்குக் கம்பெனி பஸ் ஏறுவேன். அவர் ஏழு மணிக்கு வீடு வந்துவிடுவார். பகல் முழுக்க குழந்தை அவரிடம், ராத்திரி என்னிடம். இப்போது அவள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், எட்டே காலுக்கு ஸ்கூல் வேனில் ஏறினால் நாலு மணிக்குத்தான் வருவாள். நடுவில் அவருக்கு ஏழு மணி நேரம் இருக்கிறது. தாராளமாகத் தூங்கலாம். ஆனால் மனிதர் தூங்குவதில்லை. சாயங்காலம் நான் வரும்போது கண் இரண்டும் மிளகாய்ப்பழமாக இருக்கும். கேட்டால், "தூங்கினேன், தூங்கினேன்" என்பார்.

கார்த்திகையில் ஒரு காலை, ஷிஃப்ட் முடிந்து வருகிற வழியில் வண்டி ஓட்டிக்கொண்டே கண் அசந்துவிட்டார். நல்ல வேளையாக இடப்பக்கம் மண்ணில் சாய்ந்தார். முட்டியில் ஆறு தையல். வலப்பக்கம் சாய்ந்திருந்தால் பின்னால் வந்த டிரெயிலர் லாரியின் அடியில் போயிருப்பார் என்று தூக்கிவிட்டவர்கள் சொன்னார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் ஆறே முக்கால் ஆனால் என் காது வாசல் பக்கம்தான் இருக்கும். வண்டிச் சத்தம் தெருவில் கேட்கிறவரை அடுப்பில் என்ன வெந்துகொண்டிருக்கிறது என்றே தெரியாது.

ஆக, அந்த அறையில் அவர் தூங்கியாக வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் கணக்கு. பகலில் தூங்க வேண்டுமானால் அறை இருட்டாக இருக்க வேண்டும் என்று என் லைனில் வேலை செய்யும் பெண் சொன்னாள். அவள் வீட்டுக்காரரும் நைட் ஷிஃப்ட்தான், கெட்டித் திரையும் அடர்ந்த நிறமும் போட்ட பிறகு அவர் குறட்டை விட்டுத் தூங்குகிறாராம். அந்தக் குறட்டையைக் கேட்டு நான் பொறாமைப்பட்டேன். எங்கள் ஜன்னலில் திரை முன்பே இருந்தது, நிறம்தான் பாக்கி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெயிண்டர் வந்தார். படப்பைக்காரர், வாய் ஓயாத மனிதர். பட்டி காய்ந்த சுவரில் இரண்டு பட்டைகள் அடித்துக் காட்டினார், ஒவ்வொன்றும் ஒரு முழம் அகலம். ஒன்று நான் சொன்னது, அடர்ந்த சாம்பல். இன்னொன்று என் வீட்டுக்காரர் கேட்லாக்கில் விரல் வைத்தது, வெள்ளையில் ஒரு சொட்டு மஞ்சள் விட்ட மாதிரி இளசாக ஒன்று. மகள் இரண்டையும் பார்த்துவிட்டு, "இது யானை, இது மோர்" என்றாள். அதுவே பெயராகிவிட்டது.

"மேடம், யானையா மோரான்னு அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லிடுங்க" என்றார் பெயிண்டர். "கலந்துட்டா அப்பால மாத்த முடியாது. பொண்டாட்டி ஒண்ணு சொல்றது, புருசன் ஒண்ணு சொல்றது, நடுவுல என் தலைய உருட்டாதீங்க."

"யார் தலையையும் உருட்டல. யானைதான்" என்றேன்.

"மோரு" என்றார் என் வீட்டுக்காரர்.

எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் எதற்கும் அடம் பிடித்ததில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால்கூடத் தானே எழுந்துபோய்ப் போட்டுக்கொள்கிற ஆள். அவர் ஒரு நிறத்துக்காக நிற்கிறார் என்பதே எனக்கு வேடிக்கையாக இருந்தது, அப்புறம் எரிச்சலாக மாறியது. ஏன் மோர் என்று கேட்டேன். திங்கட்கிழமை, அடர்ந்த நிறத்தில் கொசு உட்கார்ந்தால் தெரியாது என்றார். கொசு கடித்தால் தெரியும் என்றேன். செவ்வாய்க்கிழமை, சாம்பல் நிறம் வெயிலை இழுக்கும் என்றார். உள்சுவர் எந்த வெயிலை இழுக்கப்போகிறது என்றேன். புதன்கிழமை, பொங்கலுக்கு வருகிற சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். அவருடைய சொந்தக்காரர்கள் எதை நினைக்காமல் விட்டார்கள் என்று கேட்டேன். அதோடு பேச்சு நின்றது.

நான் விடவில்லை. பைக்குள் கிடந்த சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து மோர் மேல் ஒட்டினேன். ரிஜெக்ட். யானைக்குப் பச்சை. விளையாட்டுதான், ஆனால் முழுக்க விளையாட்டும் இல்லை. கம்பெனியில் பம்பரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. அதே பழக்கத்தில் நான் அவரிடமும் கேட்கவில்லை. காரணம் கேட்டேன், அடித்துத் தள்ளினேன், அவ்வளவுதான். அவர் ஸ்டிக்கரைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பிய்த்துப் போடவும் இல்லை, மோரை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போலக் கம்பெனிக்குப் போனேன். பெயிண்ட் அடிக்கிற கூடத்தில் ஏதோ ரிப்பேர், இன்றைக்கு லைன் ஓடாது என்று எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது ஒன்று தோன்றியது. நிறத்தை எந்த வெளிச்சத்தில் பார்க்கப்போகிறார்களோ அந்த வெளிச்சத்தில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இது எங்கள் வேலையின் முதல் பாடம். நானோ இந்த இரண்டு பட்டைகளையும் சாயங்கால டியூப்லைட்டில் மட்டும்தான் பார்த்திருந்தேன். அவர் படுக்கிற நேரத்து வெளிச்சத்தில் பார்க்கவே இல்லை. யோசித்துப் பார்த்தால், வேலை நாளில் காலை பத்து மணிக்கு என் வீட்டு அறை எப்படி இருக்கும் என்பதே எனக்குத் தெரியாது. காய்ச்சல் என்று லீவு போட்ட நாட்களில்கூட நான் கட்டிலில் படுத்துக்கொள்வேன், அவர் ஹாலுக்குப் போய்விடுவார். சரி, இன்றைக்குப் பார்த்து, மோருக்கு ஒரு வழி பண்ணிவிடலாம் என்று உற்சாகமாகத்தான் இறங்கினேன்.

தூங்கினால் எழுப்பிவிடக் கூடாதென்று என்னிடமிருந்த சாவியைப் போட்டு மெதுவாகத் திறந்தேன். செருப்பை வெளியிலேயே விட்டேன். ஹாலைத் தாண்டி அறைப் பக்கம் போனால், கட்டில் காலியாக இருக்கிறது. அவர் கீழே, அறையின் வாசலில், நிலைக்கு நிலை குறுக்காகப் பாயைப் போட்டுப் படுத்திருக்கிறார். தலை ஒரு பக்க நிலையில் இடிக்கிறது, மடக்கிய கால் மறு பக்கத்தில். அந்தப் பாயைத் தினமும் பீரோவுக்குப் பின்னால் சுருட்டிச் சாத்தியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். தரை குளிர்ச்சிக்காகப் போட்டுப் படுக்கிறார் போல என்று நினைத்திருந்தேன்.

கண் திறந்துதான் இருந்தது. "இன்னா, சீக்கிரம் வந்துட்ட?" என்று முழங்கையை ஊன்றி எழுந்தார்.

"லைன் ஓடல. நீங்க இன்னாங்க வழியில படுத்துக்கினு கீறீங்க?"

"சும்மாதான்."

படுத்திருக்கிறவரைத் தாண்டக் கூடாது. அது என் அம்மா வீட்டிலும் இவர் வீட்டிலும் ஒன்றுபோலச் சொல்லி வளர்த்தது. அதனால் நான் வாசலிலேயே நின்றேன். அங்கிருந்தே சுவர் தெரிந்தது. பக்கத்து குடோனின் தகரக் கூரையில் பட்ட வெயில், திரை ஒதுங்கிக் கிடந்த ஜன்னல் வழியாக நேராகச் சுவரில் விழுந்தது. மோர் பட்டையைப் பார்க்க முடியவில்லை, அப்படிக் கூசியது. யானை மேல் விழுந்த வெளிச்சம் அங்கேயே அடங்கிப்போனது. மூன்று வினாடி பார்த்தால் போதும், என் வேலையில் இதைவிடச் சுலபமான தீர்ப்பு நான் கொடுத்ததே இல்லை.

"பாருங்க" என்றேன். "இந்த வெளிச்சத்துல எப்படிங்க தூக்கம் வரும்? யானைய அடிச்சாத்தான் நீங்க தூங்குவீங்க."

அவர் பாயில் உட்கார்ந்தபடி கீழே பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆமாம். அது அடிச்சா நான் தூங்கிடுவேன்."

"தூங்கத்தான அடிக்கிறோம்?"

"அதான் வேணாங்கறேன்."

எனக்குப் புரியவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, பாய்க்கு இந்தப் பக்கம் ஹால் தரையில் உட்கார்ந்தேன். அவர் அந்தப் பக்கம். பிறகு முட்டியில் தையல் போட்ட தழும்பைத் தடவிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார்.

மகளுக்கு இரண்டு வயது இருக்கும்போது, ஒரு நாள் ஷிஃப்டோடு ஓ.டி.யும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நான் குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டு ஓடியிருக்கிறேன். இட்லி ஊட்டி, பக்கத்தில் போட்டுக்கொண்டு, இந்த அறையில்தான் படுத்திருக்கிறார். அவள் தூங்கினாளா என்று பார்ப்பதற்குள் இவர் தூங்கிவிட்டார். கண் விழித்தபோது முகமெல்லாம் தண்ணீர். பக்கத்து வீட்டு அக்கா ஒரு கையில் சொம்பும் ஒரு கையில் குழந்தையுமாக நின்றிருக்கிறது. குழந்தை இரண்டு தெருவையும் கடந்து மெயின் ரோட்டுக்கே போய்விட்டது. கார்களை ஏற்றிக்கொண்டு போகிற பெரிய லாரி ஒன்றின் டிரைவர் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து தூக்கியிருக்கிறார். கடையில் நின்றிருந்த அக்கா பார்த்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது.

"அக்கா கதவ தட்டிச்சாம். கூப்புட்டுச்சாம். என்னப் புடிச்சு உலுக்கிச்சாம். நான் எழுந்துக்கவேல்ல" என்றார். "தண்ணி ஊத்துனப்புறந்தான் எழுந்தேன். அவ ரோட்டுல நிக்கறா, நான் இங்க தூங்கறேன்."

அன்றைக்கு மத்தியானத்திலிருந்து பாய் வாசலுக்கு வந்துவிட்டது. குழந்தை வெளியே போக வேண்டுமானால் அவர் மேல் ஏறித்தான் போக வேண்டும். ஏறினால் விழிப்பு வரும். வெளிச்சம் முகத்தில் அடிக்கிற மாதிரி படுத்தால் பாதித் தூக்கம்தான் வரும், அந்தப் பாதியே போதும் என்று பழகிக்கொண்டார். ஜன்னலுக்கு நான் போட்ட திரையைப் பகலில் ஒதுக்கிவிட்டு, நான் வருவதற்கு முன் இழுத்துவிட்டிருக்கிறார். ஆறு வருடம்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், மறைக்க என்ன இருக்கிறது. அவர் மேல் கோபம். அந்த அக்கா மேல் அதைவிட. எத்தனை கிண்ணம் குழம்பு இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் போய் வந்திருக்கிறது, ஒரு வார்த்தை சொல்லவில்லையே. "ஏன் என்னாண்ட சொல்லல?" என்று கேட்டபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சொல்லியிருந்தா நீ இன்னா பண்ணியிருப்ப?"

பதில் எனக்குத் தெரியும். அன்றைக்கே வேலையை விட்டிருப்பேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சண்டையிலும் அதைச் சொல்லிக் காட்டியிருப்பேன். வீட்டிலும் குறை கண்டுபிடிக்கிறவள்தானே நான். இதை யோசித்தவுடன் கோபம் போய் அழுகை வந்தது. குழந்தை ரோட்டில் நின்றதற்காக இல்லை, அது ஆறு வருடத்துக்கு முந்தையது, அவள் இப்போது ஸ்கூலில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பாள். இந்த மனிதர் தனியாக இப்படிக் கிடந்தாரே என்றுதான் அழுதேன்.

"இப்பதான் அவ ஸ்கூலுக்குப் போறாளேங்க" என்றேன்.

"தெரியுது. எனக்குத் தெரியுது. ஒடம்புக்குத் தெரில."

அதற்கு மேல் நான் விவாதம் செய்யவில்லை. இந்தப் பக்கத்தில் எந்தக் கம்பெனியை எடுத்துக்கொண்டாலும், அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து பக்கத்தில் நிற்காமல் யாரும் மெஷினை விட்டு நகர முடியாது. எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் நிற்க வேண்டியதுதான். அந்த ஆள் வந்து, "நான் வந்துட்டேன், நீ போ" என்று சொல்ல வேண்டும். இவருக்கு ஆறு வருடமாக யாரும் அதைச் சொல்லவில்லை. நான் எழுந்து அவர் தோளைத் தொட்டேன்.

"நான் வந்துட்டேன். நீங்க போய்ப் படுங்க."

என்னைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. எழுந்து கட்டிலுக்குப் போனார். நான் திரையை இழுத்துவிட்டு, அதே பாயில், அதே வாசலில், நிலையில் முதுகைச் சாய்த்துக் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டேன். கட்டிலிலிருந்து, "கீறியா?" என்று கேட்டார். "இருக்கேன்" என்றேன். கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

அங்கே உட்கார்ந்தபடியே பெயிண்டருக்குப் போன் அடிக்காமல் மெசேஜ் அனுப்பினேன். சாம்பல், நாலு சுவருக்கும். ஞாயிற்றுக்கிழமை அடித்து முடித்துவிட்டார். அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். இவர் பகல் ஷிஃப்ட் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், இன்னும் வரவில்லை. சில நாள் கட்டிலில் படுக்கிறார். சில நாள் நான் வரும்போது பாய் வாசலிலேயே கிடக்கிறது, இப்போது அதைச் சுருட்டி ஒளித்துவைப்பதில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முன்பு போல நான் போன் செய்வதில்லை, தூங்கினால் தூங்கட்டும் என்று. பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் நானே போய் அதன் கையைப் பிடித்துக்கொண்டேன். அதுவும் எதற்கு என்று கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் பாயை விட்டு நகரவே இல்லை. தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. கோயில் மைக்கில் பாட்டுப் போட்டார்கள், தெருவில் காய்கறி ஆட்டோக்காரர் கத்திக்கொண்டு போனார், குடோனில் யாரோ இரும்பைக் கொட்டினார்கள். அவர் அசையவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு இவ்வளவு வயதாகிவிட்டது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாலு மணிக்கு வேன் ஹாரன் அடித்தது. தினமும் அந்தச் சத்தத்துக்கு முன்பே அவள் அப்பா தெரு வாசலில் நிற்பார். அன்றைக்கு யாரும் நிற்கவில்லை. மகள் தானாகவே கேட்டைத் திறந்து உள்ளே வந்தாள். நான் வீட்டில் இருப்பதைப் பார்த்து ஒரு நிமிடம் திகைத்தாள், ஓடி வந்தாள், பிறகு என் தலைக்கு மேல் எட்டி அறைக்குள் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. புத்தகப் பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. என் பக்கத்தில் குனிந்து, ரகசியமாக, "அம்மா, அப்பாக்கு இன்னா ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணும் இல்லடி. தூங்கறாரு."

அவள் நம்பவில்லை. பகலில் தூங்கி அவரை அவள் பார்த்ததே இல்லை. பாயின் ஓரத்தில் என்னோடு ஒண்டி உட்கார்ந்துகொண்டு, அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.